வாயில்லாப் பிராணிகளும் மருந்துச் செடிகளும்

கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட அசோகப் பேரரசன் கல்லிற் பொறிப்பித்த சாசனங்களுள் இரண்டாம் பாறைச் சாசனம் மருத்துவ வரலாற்றிலே தனிச் சிறப்புடையது. தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை வரையிலும் இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டதாக அச்சாசனம் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று மக்களுக்குரியது; மற்றது விலங்குகளுக்குரியது. இருதிறத்தார்க்கும் பயன்படும் மூலிகைகள் எங்கெங்கு இல்லையோ அங்கெல்லாம் அவை கொண்டுசெல்லப்பட்டு நடப்பட்டன என்றும் அது மொழிகின்றது.

இச்சாசனத்திலே கருதத்தக்கது ‘இரண்டு’ என்னும் எண்ணாகும். மக்களுக்கான மருத்துவத்தையே மாக்களுக்கும் வழங்கினால் அமையும் என அரசன் எண்ணவில்லை. பண்டைய நூலாசிரியர்களும் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். வடமொழியிலே குதிரை மருத்துவத்துக்குச் சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் நூலும், யானை மருத்துவத்துக்குப் பாலகாப்பியர் பெயரால் வழங்கும் நூலும் வெவ்வேறாக எழுந்தன. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையத்தாரால் 1952ஆம் ஆண்டில் அச்சிடப்பெற்றது. தமிழிலும் மாட்டு வாகடம், குதிரை வாகடம் என விலங்குக்கேற்பத் தனித்தனி ஏடுகள் எழுதப்பட்டன. ஈழநாட்டிலே நான்காம் நூற்றாண்டையொட்டி ஆண்ட புத்ததாச மன்னன், தானே மருத்துவத்தில் வல்லவனாய் விளங்கியதோடு யானைகளுக்கும் குதிரைகளுக்கும் மருத்துவரை நியமித்தான் என்பது சூளவமிசம் தரும் செய்தி.

ஒரே செடி ஒரே மண்ணில், ஒரே மழையில் வளர்கின்றது. அதனை மனிதன் உண்டாலென்ன, குதிரை உண்டாலென்ன, நாய் உண்டாலென்ன என்னும் வினா எழுதல் கூடும். மனிதனோடு மிக நீண்ட காலம் வாழ்ந்துவரும் இவ்விரு விலங்குகளின் உடலமைப்பையும், அவற்றுக்கு மருந்தாகவும் நஞ்சாகவும் அமையும் சில செடிகளையும் நோக்கின் அதற்கு விடை கிடைக்கும்.

குதிரை தமிழகத்தின் இயற்கைச் செல்வமன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பிற்காலப் பாண்டியர் ஆட்சியிலே ஓர்முசு, ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகள் தென்னாட்டுக்கு வந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட இக்குதிரைகளுள் மிகப்பல ஓராண்டுக்குள்ளேயே மடிந்தன என எழுதிவைத்தார். குதிரையின் நோயறிந்து மருந்து கொடுப்பார் அந்நாட்டில் இல்லாமையை அதற்கு ஒரு காரணமாக அவர் காட்டினார். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டப்பட்டன என்றும் அவர் கூறுகின்றார். மூலிகை நூல்கள் பலவற்றைத் தந்த நாட்டிலே குதிரைகள் மருந்தின்றி மடிந்தன என்பது முரண்போலத் தோன்றலாம். ஆனால் மனிதனுக்கு நல்லுணவாவது குதிரைக்கும் நல்லுணவாகும் எனக் கொள்ளும் இடத்தில் மூலிகை மிகுந்திருந்தும் பயனில்லை.

குதிரையின் வயிறு அதன் பேருடலுக்கு ஒவ்வாத வகையிற் சிறியது. இரைப்பை ஏறக்குறைய 8 முதல் 15 இலீற்றர் வரையே கொள்ளும். புல்லைச் செரிக்கச் செய்யும் வேலை பெரும்பாலும் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடைபெறுகின்றது. அங்கு வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்து உணவாக்குகின்றன. ஆகவே குதிரைக்குக் கொடுக்கும் எம்மருந்தும் குதிரைக்கு மட்டுமன்றி இந்நுண்ணுயிர்களுக்கும் கொடுக்கப்படும் மருந்தாகின்றது. அன்றியும் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்திலுள்ள தசைவளையம் மிக வலியது. உள்ளே சென்றது மீண்டு வருவதற்கு அது வழிவிடாது. நாயோ எளிதில் வாந்தி எடுக்கும். தகாத ஒன்றை உண்ட நாய் அதனைக் கக்கித் தப்பிவிடுதல் உண்டு. குதிரைக்கு அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. வயிற்றுவலியே குதிரையின் உயிரைக் கவரும் நோய்களுள் முதன்மையானதாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வயிற்றுவலிக்கும் மலச்சிக்கலுக்கும் நெடுங்காலம் பயன்பட்ட செடி கற்றாழையாகும். கற்றாழை மடலை அறுக்கும்போது தோலின் அடியிலிருந்து வடியும் மஞ்சட் சாற்றை வற்றச்செய்தாற் கரியபோளம் கிடைக்கும். ஐரோப்பிய குதிரை இலாயங்களிலே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கரியபோள உருண்டையே முதன்மையான பேதி மருந்தாய் விளங்கிற்று. பெருங்குடலைத் தூண்டி இயக்குவது அதன் வேலை. அளவு சிறிது மிகுந்தாற் பேதி நில்லாது ஓடி, உடலின் நீரும் உப்பும் வற்றிக் குதிரை இறக்கும். கொடுத்த மருந்தை வாந்தியாக மீட்கவும் வழியில்லை. இக்காரணத்தால், குடலைப் புண்படுத்தாது வழவழப்பாக்கும் எண்ணெய் வகைகள் வந்ததும் கரியபோளம் இலாயங்களிலிருந்து மெல்ல மறைந்தது.

ஆமணக்கு பிறிதொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. அதன் எண்ணெய் பேதிக்கு உதவும். அதன் விதையோ கொடிய நஞ்சு. விதையிலுள்ள இரிசின் என்னும் புரதம் எண்ணெயிற் கரைவதில்லை. செக்கிலே ஆட்டியபின் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றது. இந்நஞ்சினால் மிக எளிதிற் பாதிக்கப்படும் விலங்குகளுள் குதிரையும் ஒன்று. ஒரே விதையின் ஒரு கூறு மருந்தும் மற்றக் கூறு நஞ்சுமாக இருத்தலால், ‘ஆமணக்கு நல்லது’ என்றோ ‘ஆமணக்குத் தீயது’ என்றோ கூறுவதிற் பொருளில்லை. எக்கூறு, எவ்வாறு பக்குவஞ் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். ஆளிவிதையும் இத்தகையதே. நன்கு கொதிக்கவைத்த ஆளிவிதைக் கஞ்சி குதிரையின் குடலுக்கு இதமானதெனக் காலங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. கொதிக்கவையாது வெந்நீரில் ஊறவைத்த விதையிலோ சயனைட்டு நஞ்சு தோன்ற இடமுண்டு. கொதிக்கவைத்தலால் அந்நஞ்சைப் பிரித்துவிடும் நொதியம் அழிந்துபோகின்றது. பண்டைய இலாயக்காரன் அறிந்தது கஞ்சியின் பக்குவம். அதன் காரணத்தைக் கண்டது பிற்கால இரசாயனம்.

ஊமத்தையையும் அதன் குடும்பத்துச் செடிகளையும் எடுத்துக்கொள்வோம். அவற்றிலிருந்து பெறப்படும் அற்றோப்பீன் கண்ணின் பாவையை விரியச் செய்யும். குதிரைகளிலே மீண்டும் மீண்டும் வந்து குருடாக்கும் கண்ணழற்சி நோயொன்று உண்டு. அந்நோயில் அற்றோப்பீன் துளிகள் இன்றும் பயன்படுகின்றன. நோவைத் தணித்தும், பாவை அருகிலுள்ள பகுதிகளோடு ஒட்டிக்கொள்ளாமற் காத்தும் அவை பார்வையை நிலைநிறுத்துகின்றன. ஆயினும் அற்றோப்பீன் குடலின் அசைவை அடக்கும் இயல்புமுடையது. துளிகள் அளவு கடந்தாற் கண்ணுக்கு இட்ட மருந்தே வயிற்றுவலியை விளைவிக்கும். எனவே மருந்திடும் மிருக வைத்தியர் குதிரையின் கண்ணைப் பார்ப்பதோடு அதன் வயிற்றிலும் காதை வைத்துக் கேட்கின்றார்.

வெள்ளைப்பூண்டு மனிதருக்கு வாயுவைப் போக்கும் மருந்தெனப் பெயர் பெற்றது. அதனால் ஈக்களை விரட்டவும் மூச்சுநோயைத் தணிக்கவும் குதிரைத் தீனியிலே பூண்டுத்தூள் கலக்கும் வழக்கம் பல நாடுகளிலும் பரவிற்று. பூண்டினதும் வெங்காயத்தினதும் கந்தகச் சேர்வைகள் குருதியின் செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினைக் கெடுத்து, அக்குழியங்களை உடையச் செய்யும். பூண்டை மிகுதியாக உண்ட குதிரைகளுக்கு இவ்வகையில் இரத்தசோகை உண்டானதைக் கனடாவிலே நடைபெற்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. நாயின் செங்குழியங்கள் இச்சேர்வைகளால் எளிதிற் கெடுவன. வெங்காயத்தைச் சமைத்தாலும் இத்தன்மை நீங்குவதில்லை. வீட்டிலே எஞ்சிய வெங்காயக் குழம்பை நாள்தோறும் நாய்க்கு ஊற்றுவோர் தீங்கு கருதிச் செய்வதில்லை, அன்பினாலேயே செய்கின்றனர்.

மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் நோவு தணிக்கும் பூச்சு மருந்துகளிற் சேர்க்கப்படுவது. 2008ஆம் ஆண்டின் ஒலிம்பிக்கு விழாவிலே குதிரையேற்றப் போட்டிகள் ஒங்கொங்கில் நடைபெற்றபோது, நான்கு குதிரைகளின் உடலில் இப்பொருள் காணப்பட்டமையால் அவை போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. நோவை மறைத்துக் குதிரையை ஓடச்செய்யலாம் என்பது தடைக்கு ஒரு காரணம். கால்களில் இதனைப் பூசினால் தோல் எரிச்சலுற்று, தடைமரத்திற் கால் படுவதற்கு அஞ்சிக் குதிரை உயரத் தாவும் என்பது மற்றொன்று. செடியிலிருந்து வந்தது என்பதனால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதுவும் சான்றாகும்.

உண்ணத்தகாதனவற்றை விலங்குகள் தாமே அறிந்து விலக்கும் என்னும் நம்பிக்கையும் மக்களிடையே உண்டு. இது ஓரளவே உண்மை. பசும்புல் நிறைந்த காலத்திற் கசப்பான இலைகளைக் குதிரை தொடாது. வரட்சியிற் புல் கருகியபோதும், வெட்டிய கிளைகள் வைக்கோலோடு கலந்துவிட்டபோதும் அது ஏமாந்துபோகும். கோயில் நந்தவனங்களிலே பூவுக்காக வளர்க்கப்படும் அலரியின் இலை இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பச்சை இலையின் கசப்பு ஓரளவு எச்சரிக்கை செய்யும். உலர்ந்த இலையில் நஞ்சு நிலைத்திருப்பினும் குதிரை அதனை எளிதில் உண்டுவிடுகின்றது. ஒரு கைப்பிடி இலையே வளர்ந்த குதிரையைக் கொல்லப் போதுமானது. நெடுந்தீவிலே அந்நியர் ஆட்சிக்காலத்தில் விடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கூட்டங்கூட்டமாக மேய்ந்து திரிகின்றன. 2015ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி தேசிய வனமாக்கப்பட்டது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் அக்குதிரைகளுக்கு முதற்கண் வேண்டப்படும் மருந்து நீரும் புல்லுமே. அவை கிடைத்தாற் பிற மருந்துகளின் தேவை பெரிதும் குறையும்.

இனி நாயை நோக்குவோம். தமிழர் விருந்தினருக்கு வெற்றிலையோடு வைக்கும் பாக்கு, நாய் மருத்துவத்திலே உலக வரலாறு படைத்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் அல்கலொயிட்டு நாயின் குடலிலுள்ள நாடாப்புழுவைச் செயலறச் செய்து, அதே வேளையிற் குடலையும் விரைந்து இயக்கிப் புழுவை வெளியேற்றும். நாயின் குடலில் வாழும் நாடாப்புழுக்களுள் ஒன்றின் முட்டைகள் ஆட்டின் உடலிலும் மனிதர் உடலிலும் புகுந்து, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். ஆடு வளர்க்கும் நாடான நியூசிலாந்து இந்நோயினால் நெடுங்காலம் வருந்திற்று. அங்கு 1959ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாய்களுக்கு அரிக்கோலின் கொடுத்து, வெளியேறுவதைச் சோதித்துப் புழுவுள்ள நாய்கள் கண்டறியப்பட்டன. ஆட்டின் பச்சை ஈரலை நாய்க்கு இடுவதும் தடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் அந்நாடு நோய் நீங்கிய நிலையை அடைந்ததாக அறிவித்தது.

இவ்வெற்றியைக் கேட்டு வீட்டு நாய்க்குப் பாக்கை இடித்து ஊட்ட முற்படுதல் பெருந்தவறாகும். ஒரு பாக்கிலுள்ள அரிக்கோலினின் அளவு மற்றொன்றிலுள்ளதினின்றும் வேறுபடும். அளவு மிகுந்தால் நாய் வாயில் நீரொழுகி, மூச்சுத்திணறி மயங்கும். அளந்து கொடுத்தபோதும் சில நாய்கள் துன்புற்றன. ஆகவே 1970களிலே பிரசிகுவாந்தல் என்னும் செயற்கை மருந்து வந்ததும், புழு நீக்கும் வேலை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பாக்கு வழியைக் காட்டிற்று. அதனினும் பாதுகாப்பான மருந்து அவ்வழியே தொடர்ந்து சென்றது.

நித்தியகலியாணி என்றும் ஈழத்திற் பட்டிப்பூ என்றும் அழைக்கப்படும் செடி வேலியோரங்களில் மலர்வது. அதிலிருந்து கனடா நாட்டு விஞ்ஞானிகளான இரொபேட்டு நோபிளும் சாள்சு பியரும் 1958ஆம் ஆண்டிற் புற்றுநோயை எதிர்க்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்ததாக வெளியிட்டனர். அதே செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிறிசுதீன் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குப் பெருமருந்தாயிற்று. நாய்களிடையே புணர்ச்சியாற் பரவும் புற்றுக்கட்டி ஒன்றுண்டு. தெருநாய்கள் மிகுந்த வெப்ப நாடுகளில் அது பெருவழக்கு. வாரந்தோறும் ஓர் ஊசியாகச் சில வாரங்கள் வின்கிறிசுதீன் ஏற்றினால் இக்கட்டி பெரும்பாலான நாய்களில் முற்றாக மறைகின்றது. ஆயினும் பட்டிப்பூ இலையை அவித்துக் கொடுத்து இப்பயனைப் பெற இயலாது. பெருந்தொகையான இலையிலிருந்து மிகச் சிறிதளவே கிடைக்கும் பொருள் அது. மேலும் நாளத்தினுள் மட்டுமே ஏற்றத்தக்கது, வெளியே கசிந்தாற் சதையை அழுகச் செய்வது.

எட்டி அல்லது காஞ்சிரை எனப்படும் மரத்தின் விதை குதிரைக்குப் பசியைத் தூண்டும் சூரணங்களில் முற்காலத்திற் சேர்க்கப்பட்டது. அவ்விதையின் நஞ்சாகிய இசுத்திரிக்கினைனைப் பெல்லற்றியே, கவெந்து என்னும் பிரான்சு நாட்டு இரசாயனர் இருவர் 1818ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். குதிரைச் சூரணத்திற் கலந்த அதே பொருள் தெருநாய்களைக் கொல்வதற்கும் பயன்பட்டது. மிகச் சிறிதளவே நாயின் நரம்புகளை முறுக்கி, வலிப்பெழச் செய்து உயிரைப் போக்கும்.

மனிதர் இனிதே உண்ணும் வேறு சிலவும் நாய்க்குப் பகையாவன. கொக்கோ விதையிலுள்ள தியோபுரோமீனை மனித உடல் நாயின் உடலினும் விரைவாகக் கழித்துவிடும். நாயின் உடலிலோ அது பாதியளவாகக் குறைவதற்கே ஏறத்தாழ 17 மணி நேரம் வேண்டும். அதனாலேயே சொக்கிலேற்று நாயின் இதயத்தைக் குலைக்கின்றது. கொடிமுந்திரிகைப் பழமும் உலர்ந்த முந்திரிகையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்டிருந்தும் காரணம் விளங்காதிருந்தது. அவற்றிலுள்ள தாத்தாரிக்கமிலமே காரணமாகலாம் என்னும் கருத்து 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவ்வமிலம் மிகுந்த புளியும் நாய்க்கு ஆகாததெனக் கொள்ளுதல் தகும்.

வேம்பு தமிழரின் தலைசிறந்த மருந்து மரம். வேப்பிலை அவித்த நீரால் நாயின் தோலைக் கழுவுதலும், சொறிக்கு வேப்பெண்ணெயைச் சிறிதளவு தடவுதலும் நாட்டுவழக்கு. வேம்பிலுள்ள அசடிரக்டின் பூச்சிகள் தோலுரித்து வளர்வதைத் தடுக்கும் ஆற்றலுடையது. ஆனால் மனிதன் உடலிற் பூசியதை நக்குவதில்லை, நாய் நக்கும். ஆகவே நாயின் மேற்பூச்சு ஒவ்வொன்றும் உள்மருந்தாகவும் கருதப்படல் வேண்டும். அன்றியும் உண்ணிகள் நாயின் குருதியிற் புகுத்திய காய்ச்சலை வேம்பு தீர்க்காது. ஈறு வெளுத்து, உணவை வெறுத்துக் கிடக்கும் நாய்க்கு வெளிப்பூச்சைத் தொடர்ந்துகொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

காலத்தை வீணாக்குதல் உயிரையே பலிகொள்ளும் நோயொன்றும் உண்டு. அது விசர்நாய்க்கடி நோய். நாயிலாயினும் மனிதரிலாயினும் நோய்க்குறிகள் தோன்றியபின் அதனைத் தீர்க்க வல்ல மூலிகை எதுவும் இல்லை. பிற மருந்தும் இல்லையென்றே சொல்லலாம். 1885ஆம் ஆண்டில் உலூயி பாச்சர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி ஏற்றிக் காத்தது முதல், கடிபட்ட உடனே சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி ஊசி ஏற்றுவதே உயிர்காக்கும் வழியாயிற்று. இலங்கையிலே 1970களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு முந்நூறு பேருக்கு மேல் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டம் பரவியபின் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்தது. கடிவாயிற் பச்சிலை வைத்துக் கட்டி, ஊசியை ஒத்திவைத்தோர் பலர் அத்தொகையில் அடங்குவர். மூலிகையின் எல்லையை அறிதலும் மூலிகை அறிவின் ஒரு பகுதியே.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்கின், முன்னர் எழுந்த வினாவுக்கு விடை தெளிவாகும். செடி ஒன்றாயினும் அது புகும் உடல் ஒன்றன்று. குடலின் அமைப்பு, குருதியின் இயல்பு, நஞ்சைக் கழிக்கும் வேகம், உடலின் நிறை, நக்குதல் போன்ற பழக்கம் ஆகியன யாவும் விலங்குக்கு விலங்கு வேறுபடுவன. பரிக்கு ஒரு நூலும் கரிக்கு ஒரு நூலும் செய்த முன்னோர், இக்காரணங்களை இரசாயன வழியில் அறியாதபோதும், விளைவைக் கண்டு வேறுபாட்டைப் போற்றினர். அவர் நூல்களிற் கண்டவையெல்லாம் உண்மை எனக் கொள்வதும், அவையெல்லாம் பொய்யெனத் தள்ளுவதும் அவர் கைக்கொண்ட முறைக்கு மாறானவை.

ஈழத்திலும் தமிழகத்திலும் வாகட ஏடுகள் செல்லரித்து அழிந்து வருகின்றன. கால்நடைகளுக்குக் கைமருந்து செய்த முதியோரும் அருகி வருகின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் மாணவர், செடியின் பெயரோடு நின்றுவிடலாகாது. எந்த விலங்கு, அதன் வயதும் பருமனும் எவ்வளவு, நோய்க்குறி யாது, செடியின் எப்பகுதி எக்காலத்திற் பறிக்கப்பட்டது, எவ்வாறு பக்குவஞ் செய்யப்பட்டது, எவ்வளவு, எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, பிழைத்தவை எத்தனை, இறந்தவை எத்தனை என்பனவும் எழுதப்படல் வேண்டும். இறந்தவற்றின் கணக்கை மறைத்த குறிப்பு ஆய்வாளனுக்குப் பயன்படாது. இவ்வாறு திரட்டிய குறிப்பை மிருக வைத்தியரிடமும் ஆய்வுகூடத்திடமும் ஒப்படைத்தால், பாக்கும் பட்டிப்பூவும் பெற்ற இடத்தை இன்னும் சில செடிகள் பெறுதல் கூடும். தனக்கு ஒவ்வாததை வாய்விட்டுச் சொல்ல இயலாத உயிருக்கு மருந்து கொடுப்பவன், அதன் பொருட்டுத் தானே கேட்டும் அளந்தும் எழுதியும் வைக்கக் கடமைப்பட்டவன்.